உன் துவக்கின் பெறுமதி

சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவிவிட்டேன். இரும்பும் பழைய தேங்காய் எண்ணெயும் கலந்த அந்த மணம் விரல்களை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. காலையில் உன் வீட்டு விறாந்தையில் இருந்து உன் தோட்டாத் துவக்கைக் கழற்றிப் பார்த்த கை, மச்சான். மத்தியானச் சோற்றை மூடி வைத்துவிட்டேன். எழுதினால் மனம் கொஞ்சம் ஆறும் என்று இருக்கிறேன்.

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தபிறகு உன் மனைவி கூப்பிட்டு அனுப்பியிருந்தார். அனுமதிப்பத்திரம் உன்னோடு முடிந்துவிட்டது. துவக்கைப் பொலிசில் ஒப்படைக்க வேண்டும், அல்லது அனுமதியுள்ள ஒருவருக்கு முறைப்படி மாற்றிக் கொடுக்க வேண்டும். வவுனியாவில் பழைய துவக்குகள் சேர்க்கும் ஒருவர் வாங்க விரும்புகிறாராம்.

"அண்ணை, நீங்கள் முந்தித் துவக்குக் கடையிலை வேலை செய்தனீங்கள்தானே. இது என்ன பெறும் எண்டு பாத்துச் சொல்லுங்கோ. எனக்கு இதை வீட்டிலை வைச்சிருக்க ஏலாது."

இளமையில் பழகிய தொழிலைக் கை மறக்கவில்லை. உன் தகப்பன் வாங்கிய பெல்ஜியம் துவக்கு அது. பூட்டை ஒருமுறை இழுத்துவிட்டால் போதும். விசையை அழுத்த அழுத்த, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொண்டு ஐந்து வெடி வைக்கும். நெடுங்கேணிப் பக்கத்தில் அப்படி வேறொன்று நான் கண்டதில்லை. சண்டைக் காலம் முழுக்க அது வவுனியாப் பொலிசில் பத்திரமாகக் கிடந்தது. அலைந்தவர்கள் நாங்கள்தான்.

குழலிலும் உடலிலும் உள்ள இலக்கங்கள் ஒத்திருந்தன. கை பிடிக்கும் இடத்தில் மட்டும் நீலப்பூச்சு தேய்ந்து வெளுத்திருந்தது. அது பாவித்த தேய்வு, குற்றமில்லை. மினுக்கிப் புதிதாக்கியிருந்தால்தான் விலை விழும். குழலுக்கு அடியில் உள்ள மரம் இந்த வகையில் சுலபமாகப் பிளக்கும். உன்னுடையதில் கீறல்கூட இல்லை. குழலை வெயிலுக்கு நேரே பிடித்தேன். உள்ளே கண்ணாடி போல இருந்தது, கரிமருந்துக் கறை ஒரு புள்ளியும் இல்லை. நன்றாகத்தான் வைத்திருக்கிறான் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டு பூட்டைக் கழற்றினேன். தோட்டாவின் அடியைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசி இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

உடைந்திருந்தால் துண்டாவது கிடக்கும். இது பக்குவமாகக் கழற்றி எடுத்தது.

"தங்கச்சி, இதின்ரை ஊசி எங்கை?"

அவர் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அதைக் குளத்துக்கை எறிஞ்சுபோட்டார் அண்ணை. சண்டை முடிஞ்சு நாங்கள் திரும்பி வந்த வருஷமே."

பிறகு சொன்னார். துவக்குத் திரும்பக் கிடைத்த அன்று வளவுக்குள் ஒரு வெடி வைத்துப் பார்த்தாயாம். மகள் ஓடிப்போய்க் கட்டிலுக்குக் கீழே புகுந்துகொண்டாளாம். "விடியும் மட்டும் வெளியிலை வரேல்லை. தேப்பனைக் கிட்டவும் வரவிடேல்லை. அடுத்த நாளே ஊசியைக் கழட்டிக்கொண்டு குளத்தடிக்குப் போனவர்."

"அப்ப ஏன் துவக்கை வைச்சிருந்தவன்?"

"நானும் கேட்டனான். ஊரிலை ஒரு துவக்கு நிக்குதெண்டாத்தான் சனம் பயமில்லாமல் வயல் செய்யும் எண்டவர்."

எனக்கு முதலில் வந்தது கோபம். உன் துவக்கை நம்பித்தானே நானும் காட்டோரக் காணியில் விதைத்தேன்? வயலுக்குள் யானை வந்தும் நீ ஒருநாளும் சுடாததை எத்தனை தரம் பகிடி பண்ணியிருப்பேன். "உன்ரை தோட்டா என்ன, பவுனிலை செய்ததோ?" என்று கேட்டால், "அதுவும் பசியிலைதானே வருது மச்சான். நிண்டு பாத்திட்டுப் போகும்" என்பாய். நான் அதை இரக்கம் என்று நினைத்தேன்.

நாங்கள் ஊர் திரும்பிய பிறகு வந்த அந்த வெள்ளாமைக் காலத்துப் பின்னேரம் நினைவிருக்கிறதா? பாலை மரங்களுக்குப் பின்னாலிருந்து அந்தத் தனியன் யானை வந்தது. மற்றவர்கள் வரம்பால் ஓடிவிட்டார்கள். நான் சறுக்கி வாய்க்காலுக்குள் விழுந்து, முழங்கால் பிசகி, எழும்ப முடியாமல் கிடந்தேன். நீ ஓடவில்லை. எனக்கும் அதற்கும் நடுவில் வந்து நின்று துவக்கை உயர்த்தினாய். சடக் என்று பூட்டை இழுத்த சத்தம் எனக்குக் கேட்டது. அந்தச் சத்தத்தில்தான் எனக்கு மூச்சு வந்தது. யானை காதை விரித்தது, மண்ணை அள்ளித் தலையில் போட்டது. நீ அசையவில்லை. பிறகு அது திரும்பிக் காட்டுக்குள் போனது.

துவக்கு என்னைக் காப்பாற்றியது என்று இத்தனை வருஷம் ஊரெல்லாம் கதை சொன்னேன். இன்று காலைதான் தெரிகிறது, நீ பிடித்துக்கொண்டு நின்றது ஒரு இரும்புத் தடி. அது உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் நின்றிருக்கிறாய்.

உன் மனைவிக்கு உள்ளதைச் சொன்னேன். நல்ல துவக்கு, நல்ல விலை போகும். ஊசி இல்லை என்பதை மட்டும் வாங்குபவரிடம் மறைக்கக்கூடாது. புதிதாக ஒன்று போடுவித்தால் சுடும்.

"அப்ப அது திரும்பவும் வெடிக்குமோ?"

"ஓம் தங்கச்சி."

"எங்கையெண்டாலும் தூரத்திலை வெடிக்கட்டும்."

களைத்துப் போனேன், மச்சான். சிறுநீரகம் பழுதான உன்னைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாய் அலைந்த நாட்களில்கூட இப்படிக் களைக்கவில்லை. வீட்டுக்கு வந்தால் வேலிப் படலையடியில் வயல்காரர் நிற்கிறார்கள். கதிர் முற்றிவிட்டது. நேற்றும் யானை வரம்பு உடைத்திருக்கிறது.

"துவக்கும் போகுதாம். இனி ஆர் முன்னுக்கு நிக்கிறது?" என்று கேட்டார்கள்.

ஊசியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. "நான் நிக்கிறன், நீங்கள் வாங்கோ" என்று சொல்லிவிட்டேன்.

இன்னும் கொஞ்சத்தில் பொழுது சாயும். போக வேண்டும். அன்று வாய்க்காலுக்குள் கிடந்தபடி உன் முகத்தை நான் காணவில்லை. நீ பயந்தாயா என்று பிறகும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்தது, வியர்வையில் சேட்டு ஒட்டிய உன் முதுகு மட்டும். இந்தக் கிழட்டுக் காலை வயல்பக்கம் இழுத்துக்கொண்டு போக என்னிடம் வேறொன்றும் இல்லை. அந்த முதுகுதான் இருக்கிறது.