உங்கள் தலைமாட்டில் நிற்கும் எருக்கு

உங்கள் கல்லறையைப் புதர் மண்ட விட்டுவிட்டேன் என்று ஊரில் சொல்கிறார்கள். அது தவறு. கல்லறைத் திருநாளுக்கு ஒரு வாரம் முன்பே ஆள் வைத்துப் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, சிலுவையை நானே தேய்த்துக் கழுவினேன். தலைமாட்டில் நின்ற ஒற்றை எருக்கஞ்செடியை மட்டும் வெட்டவில்லை. மறந்து விட்டதல்ல, வேண்டுமென்றே விட்டது.

இன்று காலை ஓர் இலையைத் திருப்பும்போது காம்பில் நகம் கீறிவிட்டது. அந்தப் பால் இன்னும் விரலில் பிசுபிசுக்கிறது. சோப்புக்குப் போகவில்லை. உங்கள் தங்கை கல்லறையில் வந்து உங்களிடம் முறையிட்டிருப்பாள். நடந்ததை நானும் சொல்லிவிடுகிறேன்.

வேலைக்கு வந்தவர் மண்வெட்டியை ஓங்கும்போது, நான் பழக்கத்தில் ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் நிலக்கடலைப் பருப்பு அளவில் பச்சையாக ஒரு கூட்டுப்புழு தொங்கியது. மேலே பொன் பொட்டுகள். நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

அந்தப் பழக்கம் உங்களால் வந்தது. லோயர் கேம்ப் மின்வாரியக் குவார்ட்டர்ஸுக்குக் குடிபோன புதிதில், கறிவேப்பிலைச் செடி முழுக்கப் பறவை எச்சமாக இருக்கிறதே என்று ஈரத்துணியால் இலை இலையாகத் துடைத்துக்கொண்டிருந்தேன். கறை என்று கண்டால் துடைக்கத்தான் கான்வென்ட்டில் பழக்கியிருந்தார்கள். திடீரென்று ஓர் எச்சம் தலையைத் தூக்கி, சிவப்பாக இரண்டு கொம்பை நீட்டியது. நீங்கள் காமிராவோடு வந்து பக்கத்தில் குத்தவைத்தீர்கள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருப்பேன். "நீ மட்டும் ஏமாறல. குருவியும் ஏமாறணும்னுதான் இந்தப் புழு அப்படி இருக்கு" என்றீர்கள்.

அதன்பிறகு ஞாயிறு பூசை முடிந்ததும் நமக்கு வாய்க்கால் கரைதான். ஆடிக் காற்றில் ஓர் இலையும் நிற்காது. நீங்கள் மண்ணில் படுத்து இலையடிப் புழுக்களைப் படம் எடுக்க, நான் குடையைத் தரையோடு சாய்த்துக் காற்றை மறிப்பேன். வெயிலும் இல்லை, மழையும் இல்லை, இந்தம்மா எதற்குச் செடிக்குக் குடை பிடிக்கிறது என்று போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். எனக்கு வெட்கமாகத்தான் இருக்கும், ஆனாலும் குடையை மடக்கியதில்லை. வீட்டுக்கு வருபவர்கள் ஆல்பம் கேட்டால் பக்கத்துக்குப் பக்கம் இலைதான். உங்கள் தங்கை கடைசிவரை புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் மதினி, இந்தக் குடும்பத்துல மனுசங்களே இல்லையா?" என்று கேட்டாள்.

எருக்கு நிற்கும் செய்தி காதில் விழுந்ததும் சின்னமனூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கியவளும் அவள்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஆளத்த எடத்துலதான் மதினி எருக்கு மொளைக்கும். எங்கண்ணனுக்கு ஆளில்லையா?"

அது தைத்தது. வெட்டினால் என் நல்ல பெயர் மிஞ்சும். விட்டால், புருஷனை அநாதையாகப் போட்டவள் என்ற பேச்சோடுதான் இனி நான் கோயிலுக்குப் போய்வர வேண்டும். ஒரு மடிப்புக் கலைந்த சேலையோடு வாசலைத் தாண்டாதவள் நான், உங்களுக்குத் தெரியும்.

கூட்டுப்புழுவைச் செல்போனில் எடுத்திருந்த படத்தைப் பெரிதாக்கி அவளிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"கம்மல் மாதிரியில்ல இருக்கு" என்றாள். பிறகு, "அண்ணன் ஒங்களுக்கு வாங்கித் தராத கம்மலு. அதான் விட மாட்டேங்கிறீக."

நீங்கள் போனபிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான். ஆனாலும் கிளம்பும்போது வாசலில் நின்று, வெட்டிவிடுங்கள் என்றுதான் சொல்லிவிட்டுப் போனாள்.

திருநாளன்று எல்லாக் கல்லறையும் செவ்வந்தியும் ஊதுபத்தியுமாக இருந்தன. கூட்டுக்குச் சூடு பட்டுவிடக் கூடாதென்று நம் மெழுகுவத்திகளைக் கால்மாட்டில் ஏற்றினேன். பின்னால் நின்ற பெண்கள் பேசியது கேட்டது. படித்த திமிர் என்றார்கள், சிக்கனம் என்றார்கள். நான் திரும்பவில்லை. ஃபாதர் தீர்த்தம் தெளித்துக்கொண்டே நம் வரிசைக்கு வந்தார். கையை ஓங்கியதும் நான் குடையை விரித்து அந்த இலைக்குப் பிடித்தேன். குடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கால்மாட்டில் தெளித்துவிட்டு நகர்ந்தார். உங்களுக்குத் தீர்த்தம் குறைந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டொரு நாளில் பச்சை கறுத்து, தோலுக்குள் இறக்கையின் நிறம் தெரிந்தது. நேற்றுக் காலை நான் போகும்போது அது வெளியே வந்து, நனைந்த துணிபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. மேற்கே மலைப்பக்கமிருந்து காற்று. ஒரு கையில் குடை, ஒரு கையில் செல்போன். எந்தக் கை ஆடியதோ, படத்தில் ஓர் ஆரஞ்சுக் கறைதான் விழுந்திருக்கிறது. அது இரண்டு பேர் செய்கிற வேலை. கறையை வைத்துக்கொள்கிறவள் நான் அல்ல. இதை மட்டும் அழிக்கவில்லை.

படம் எடுக்க ஆள் இல்லாவிட்டாலும், எங்கே ஓர் இலை ஆடினாலும் இப்போதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறேன். காய்கறிக் கடையில்கூட. கடைக்காரர் மாத்திரை போட்டீர்களா அம்மா என்று விசாரிக்கிறார்.

வெயில் ஏறியதும் பட்டாம்பூச்சி பறந்துபோனதை நேற்றே உங்கள் தங்கைக்குச் சொல்லியிருந்தேன். இன்று விடிந்ததும் அவள் போன் செய்து, பறந்துதான் போச்சே, இனிமேலாவது வெட்டிருங்க மதினி என்றாள். நியாயம்தான். அரிவாளோடு ஆளைக் கூட்டிக்கொண்டே போனேன். வெட்டுவதற்கு முன் கீழ்த்தழையைத் திருப்பினால், கடுகைவிடச் சிறிதாக, வெள்ளையாக ஒரு முட்டை. ஆளுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

இது இப்படியே போனால் முடியாது. இன்னொரு புழு, இன்னொரு கூடு, அடுத்த திருநாள், அதே பேச்சு. பேச்சை நான் தாங்கிக்கொள்வேன். ஆனால் இடம் உங்களுடையது, உங்களைக் கேட்காமல் முடிவு செய்ய எனக்கு மனம் வரவில்லை. எருக்கு நிற்கட்டுமா, வெட்டிவிடட்டுமா? கனவில் வந்து தலையாட்டிவிட்டுப் போனால் நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். எழுத்தில் பதில் அனுப்புங்கள்.