கடிகாரத்தை நம்பித் திறந்த நோன்பு

கொடைக்கானல்
14.3.2025

அன்புள்ள மாப்பிள்ளை ஜாசிமுக்கு,

மாமா சுல்தான் சலாம் சொல்லி எழுதுறது. இங்க எல்லாரும் சுகம். மஹ்ஜபின் ஒரு நோன்பையும் விடல. உங்க சுகத்துக்கு துஆ செய்றோம்.

போன் இருக்கையில எதுக்குக் கடுதாசின்னு யோசிப்பீங்க. போன்ல பேசினா உங்க வீட்டுக்காரி மஹ்ஜபின் ஸ்பீக்கரைப் போட்டுட்டுப் பக்கத்துல உக்காந்துக்கிறா. இது அவ காதுக்குப் போக வேண்டாத சங்கதி.

துபாய்ல இருந்து கொண்டாந்து என் கையில கட்டிவிட்டீங்களே, அந்தக் கடிகாரம் மக்கர் பண்ணுது. பேட்டரி இல்லாதது, தினமும் சாவி திருகணும்னு சொன்னீங்க. வெள்ளனே எந்திரிச்சதும் எனக்கு அதான் முதல் சோலி. கடையில தைலக் கையோட தொடக்கூடாதுன்னு கழட்டி, பூட்டு உள்ள டிராயர்ல, டூரிஸ்ட்டுக்கு விக்கிற ஃப்ரிட்ஜ்ல ஒட்டுற பொம்மைங்க இருக்கே, அதுக்கு நடுவுல பஞ்சு வச்சு மெத்துன்னு படுக்க வைக்கிறேன். பெத்த பிள்ளையைக்கூட இப்படிப் பாத்ததில்ல. அப்படியும் அது தறிகெட்டு முன்னாடி ஓடுது.

செவ்வாய்க்கிழமை பெரியகுளத்துல சரக்கு எடுத்துட்டு அடுக்கம் மலை ரோடு வழியா ஜீப்புல வந்தேன். ஒரே பனி. சிக்னலும் இல்ல, பள்ளிவாசல் பாங்கும் கேக்காது. கடிகாரம் நேரமாச்சுன்னு காட்டுச்சு. நோன்பைத் திறந்து, டிரைவர் செந்தில்வேலுக்கும் ஒரு பேரீச்சம்பழம் கொடுத்தேன். நாலு வளைவு ஏறி பனிக்கு மேல வந்தா, வெயில் இன்னும் அடிச்சுக்கிட்டு கெடக்கு. நாள் பூரா பிடிச்ச நோன்பு போச்சு. அந்தப் பய பஜார் முழுக்கச் சொல்லிச் சிரிச்சுட்டான்.

செல்போன் கடை ராஜமுருகன் பாத்துட்டு, டூப்ளிகேட்டா இருக்கும் பாய்ங்கிறான். பெட்டியில பில்லும் இல்ல. கேட்டுடுறேன், இது அசல்தானா? உங்களை யாரும் ஏமாத்திட்டாங்களா, இல்ல வேற எதுவுமா? மஹ்ஜபினைப் பெருநாள் கழிச்சு அங்க அனுப்புறதைப் பத்தி இது தெளிஞ்சப்புறம் பேசுவோம்.

வஸ்ஸலாம்,
சுல்தான்


துபாய்
27.3.2025

அன்பும் மரியாதையும் நிறைந்த மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்க நோன்பு போனதைப் படிச்சேன். அதுக்கு எப்படி மன்னிப்புக் கேக்கிறதுன்னு தெரியல.

கடிகாரம் அசல்தான் மாமா. கம்பெனிக் கடையிலேயே வாங்கினேன். பில் என்கிட்ட இருக்கு. பொண்ணு கொடுத்த மாமாவுக்கு அன்பளிப்புக் கொடுக்கிறப்ப யாராவது பில்லையும் சேத்துக் கொடுப்பாங்களா?

உங்க பக்கத்துக் கடை ஷபீர் பெருநாள் முடிஞ்சு இங்க திரும்புறார்ல, அவர்கிட்டக் கொடுத்து அனுப்புங்க. வாங்கின கடையிலேயே காட்டுறேன். மஹ்ஜபினுக்கு விசா வந்துருச்சு. வீட்டுக்குத் திரைச்சீலை என்ன நிறம்னு தினமும் கேக்கிறா. கடிகாரத்தையும் அவளையும் ஒண்ணா முடிச்சுப் போடாதீங்க மாமா.

உங்கள் மருமகன்,
ஜாசிம்


கொடைக்கானல்
9.4.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சலாம். ஷபீர்கிட்டக் கடிகாரத்தைக் கொடுத்திருக்கேன். நாலு பக்கமும் போட்டோ எடுத்தாச்சு. பின்மூடி ஓரத்துல ஊசியால சின்னதா ஒரு கீறலும் போட்டிருக்கேன். தப்பா எடுத்துக்காதீங்க. போனதுதான் திரும்பி வந்துச்சான்னு தெரியணும்ல. காலம் அப்படிக் கெடக்கு.

கடிகாரம் வர்றவரைக்கும் பிள்ளை இங்கயே இருக்கட்டும். இதைச் சொன்னதுல இருந்து உங்க மாமி ஹமீதுன்னிசா என் தட்டுல சோத்தைக் கொட்டிட்டு அடுப்படிக்குப் போயிடுறா. மஹ்ஜபின்கிட்ட சீசன் வியாபாரம் முடியட்டும்னு சொல்லி வச்சிருக்கேன். நம்பினாளோ என்னவோ. எனக்கு இருக்கிறது அவ ஒருத்திதான். அவ விஷயத்துல நான் எவனையும் கண்ணை மூடிக்கிட்டு நம்பமாட்டேன், உங்களையும் சேத்துத்தான்.

வஸ்ஸலாம்,
சுல்தான்


துபாய்
26.4.2025

மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். திண்டுக்கல் வர்ற நண்பர்கிட்ட கடிகாரத்தையும், கூடவே பில்லையும் வச்சு அனுப்பியிருக்கேன். கீறல் அப்படியே இருக்கு, பாத்துக்குங்க. கடைக்காரர் அதைத் தடவிப் பாத்துட்டு யார் இப்படிச் செஞ்சதுன்னு கேட்டார். நான் பில்லை எடுத்து நீட்டினேன்.

கடிகாரத்துல கோளாறே இல்ல. உள்ள இருக்கிற சின்னச் சுருள்கம்பியில காந்தம் ஏறியிருந்துச்சாம். ஏறினா தாறுமாறா வேகம் பிடிக்குமாம். ஒரு மெஷின்ல வச்சு எடுத்தாங்க, சரியாப் போச்சு. காந்தம் இருக்கிற இடத்துல வச்சிருந்தீங்களான்னு கேட்டாங்க. உங்க முதல் கடிதத்தை எடுத்துப் பாத்தேன். அந்தப் பொம்மைங்க முதுகுல எல்லாம் என்ன இருக்குன்னு பாருங்க மாமா.

இதோட முடிச்சிருப்பேன். ஆனா உங்க தங்கச்சி மக அல்மாஸோட வீட்டுக்காரர் எங்க ஆபீசுக்கு வந்திருக்கார். நான் உண்மையிலேயே இங்கதான் வேலை பாக்கிறேனா, என் ரூமுக்குப் பொம்பளை யாரும் வந்து போறாங்களான்னு வாட்ச்மேன் வரைக்கும் விசாரிச்சிருக்கார். நீங்க சொல்லித்தான் வந்தேன்னு அவரே ஒத்துக்கிட்டார். கூட வேலை பாக்கிறவங்க முகத்துல முழிக்கக் கூச்சமா இருக்கு. ரொம்ப வலிக்குது மாமா.

மஹ்ஜபின்கிட்ட நான் எதுவும் சொல்லல. அவளுக்கு அவ அத்தா நீங்கன்னா உசிரு. அனுப்புறதும் அனுப்பாததும் இனி உங்க இஷ்டம். நான் திரும்பக் கேக்கமாட்டேன்.

ஜாசிம்


பெரியகுளம்
19.5.2025

என் அன்பு மாப்பிள்ளை ஜாசிமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இதை மஹ்ஜபின் கையிலேயே கொடுத்து அனுப்புறேன். நீங்க படிக்கிறப்ப அவ உங்க முன்னாடி நிப்பா, இன்ஷா அல்லாஹ்.

உங்க கடுதாசியைப் படிச்சுட்டு டிராயரைத் திறந்து கத்தரிக்கோலைக் கிட்ட கொண்டுபோனேன். பொம்மையெல்லாம் பச்சக்குன்னு வந்து ஒட்டிக்கிச்சு. இத்தனை வருஷமா நானே விக்கிற சரக்கு. வெக்கமா இருந்துச்சு.

எல்லாக் கடுதாசியையும் எடுத்து, நான் எழுதினது உள்பட, மஹ்ஜபின் கையில கொடுத்து வாசிக்கச் சொன்னேன். மறைச்சா அது இன்னொரு களவாணித்தனம். ரெண்டு நாள் கழிச்சு, "உங்களைப் பத்தி அவரு ஒரு வார்த்தை குறை சொல்லல அத்தா"ன்னு மட்டும் சொல்லிட்டுப் பெட்டியை அடுக்க ஆரம்பிச்சா.

அன்னைக்குப் போன நோன்புக்கு ஈடா இன்னைக்குக் களா நோன்பு பிடிச்சேன். மதுரை ஏர்போர்ட்டுக்கு வத்தலக்குண்டு ரோடுதான் சௌகரியம். நான்தான் வேணும்னே அடுக்கம் வழியா விடச் சொன்னேன். அதே செந்தில்வேல் வண்டி, அதே பனி, கையில நீங்க சரிபண்ணி அனுப்பினது. கடிகாரம் நேரமாச்சுன்னு காட்டுச்சு. வண்டியை நிப்பாட்டச் சொன்னேன். "கீழ போய் பாங்கு கேட்டுட்டுத் திறங்களேன் அத்தா"ன்னா மஹ்ஜபின். செந்தில்வேலும் கண்ணாடியில என்னையே பாத்துக்கிட்டு இருந்தான்.

இல்லம்மா, இது மாப்பிள்ளை கட்டிவிட்டதுன்னு சொல்லிட்டுப் பேரீச்சம்பழத்தை வாயில போட்டேன். அவளும் ஒண்ணு வாங்கிக்கிட்டா. ரொம்ப நாளைக்கப்புறம் என் தோள்ல சாஞ்சுக்கிட்டு வந்தா.

நாளைக்கு விடியக்காலம் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பணும். இங்க உறவுக்காரங்க வீட்டுலதான் தங்கியிருக்கோம், பக்கத்துலயே பள்ளிவாசல் இருக்கு. இன்னைக்கு பாங்கு எத்தனை மணிக்குச் சொன்னாங்கன்னு நான் யாரையும் கேக்கல.

உங்கள் மாமா,
சுல்தான்