கூடாரத்தில் வைத்த மாம்பழங்கள்

அஞ்சுவோர்க்கு அரணாகிய ஒருவனுக்கே புகழனைத்தும்.

என் இல்லத்தின் ஒளியே,

நலமாகவே இருக்கிறேன். கையெழுத்து கோணியிருந்தால் கவலைப்படாதே.

நோன்பு திறப்பதற்கென்று நம் ஊர் பகமோயோவிலிருந்து நீ அனுப்பிய மாம்பழங்களை என் கூடாரத்திலேயே வைத்திருந்தேன். “கூடாரத்துக்குள் பழம் வைக்காதீர்கள், யானை மோப்பம் பிடிக்கும்” என்று இந்தக் காட்டு முகாமின் விருந்தாளிகளுக்கு நாள்தோறும் சொல்லும் சமையல்காரன் நானே.

நேற்று மாலை, பேரீச்சம்பழத்தை வாயருகே கொண்டுசென்ற வேளையில் துணிச்சுவர் கிழிந்தது. துதிக்கை உள்ளே நுழைந்து என் முகத்தில் மூச்சுவிட்டது.

முகாமின் காவலர், மாசாய் இனத்தவர் லெமயான் வெளியிலிருந்து கத்தினார்: “பெரியவரே, கூடையோட வெளிய தள்ளுங்க! நோன்பு உங்களுக்கு, விருந்து யானைக்கா?”

தள்ளினேன். யானை பழங்களைத் தின்றுவிட்டு ஆற்றுப்பக்கம் போயிற்று.

அறுபது ஆண்டுகளாக ஓதிய மறைமொழிகளுள் ஒன்றேனும் அப்போது என் நாவில் எழவில்லை. உன் பெயரைச் சொல்லித்தான் கூவினேனாம். “இவ்வளவு நாள் நீங்க ஓதின இறைவன் பேர் இதுதானா?” என்று லெமயான் கேலி செய்கிறார்.

கிழிசலைத் தைத்துவிட்டார்கள். இன்றும் அங்கேதான் படுக்க வேண்டும். தொழுகையில் நின்றாலும் சொற்கள் சிதறுகின்றன. அவை எனக்குத் திரும்பும்வரை, எனக்காக நீ ஓது.

உன்மீதும் நம் வீட்டார்மீதும் அவனுடைய அமைதி நிலைப்பதாக.

உன் கணவன்