நுகத்தின் இன்னொரு பக்கம்

கரமனை, 15-2-1953, ஞாயிறு

எனக்குப் பாட்டு வராது என்று, பெண் பார்க்க வந்தவர்களிடம் இன்றைக்கும் அம்மா சொல்லவேண்டியிருந்தது.

"பின்னே என்னதான் தெரியும்?" என்றாள் பிள்ளையின் தாயார், சொஜ்ஜியை விழுங்கிவிட்டு.

எனக்குச் சுருக்கென்றது. "இங்கிலீஷ் இலக்கணம். காலேஜில் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்" என்றேன்.

பிள்ளை நிமிர்ந்தார். "பள்ளிக்கூடத்துல 'கோ, வென்ட், கான்'னு வினைச்சொல்லை ஒப்பிக்கச் சொல்லி வாத்தியார் அடிப்பாரே, அந்தக் கான்ஜுகேஷனுக்கு ஏன் அப்படிப் பேர்?"

"லத்தீன்ல, ஒரே நுகத்துல பூட்டறதுன்னு அர்த்தம்."

அவர் தாயார் சிரித்துவிட்டாள். "கல்யாணத்துல பொண்ணு தலைமேல நுகத்தடி வைக்கறோமே, அதுமாதிரியா!"

"நுகத்துக்கு ரெண்டு பக்கம் உண்டேம்மா. இன்னொண்ணு எனக்கு வேண்டாமா?" என்றார் அவர்.

நான் உள்ளே எழுந்து போனதும், சம்மதமா என்று கேட்க அம்மா சமையலறைக்கு வந்தாள். அங்கே நான் தனியாக நின்று தலையாட்டிக்கொண்டிருந்தேன்.