நான்காம் தொட்டிக் குஞ்சுகளின் இறப்பு குறித்து

அனுப்புநர்:
மீன் தொட்டி அறைப் பராமரிப்பாளர் (பதினொரு ஆண்டுப் பணி),
தனியார் ரசாயனச் சோதனைக் கூடம்.

பெறுநர்:
ரசாயனப் பொருள் அனுமதி அலுவலர் அவர்கள்.

பொருள்: சலவைத் திரவ ரசாயனச் சோதனை – மீன் குஞ்சுகள் பற்றிப் பொய்த் தகவல் தரப்பட்டது – அதில் நானும் கையெழுத்திட்டது – மறுசோதனை வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. சலவைத் திரவத்தில் சேர்க்கவிருக்கும் ஒரு ரசாயனம் உடலின் ஹார்மோனைக் குழப்புமா என்று எங்கள் கூடத்தில் வரிமீன்களை வைத்துச் சோதித்தார்கள். விரல்நீளம்கூட இல்லாத மீன்கள். இரை போடுவது, நீர் மாற்றுவது, எண்ணிக் குறிப்பது என் வேலை. தாய், தந்தை மீன்கள் இருபத்தொரு நாள் ரசாயனம் கலந்த நீரில் இருந்தன. நன்றாகவே தின்றன, நீந்தின, முட்டையும் இட்டன. அந்த முட்டைகளை, ரசாயனம் ஒரு சொட்டும் படாத நான்காம் தொட்டியில் பொரிக்க விட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க, ரசாயனமே அறியாத மீன்களின் குஞ்சுகள் ஐந்தாம் தொட்டியில்.

2. மூன்று மாதத்தில் குஞ்சுகள் பருவத்துக்கு வந்தன. ஐந்தாம் தொட்டியில் ஆணும் பெண்ணும் ஏறத்தாழச் சரிபாதி. நான்காம் தொட்டியில் அறுபத்திரண்டில் ஆண் ஐந்துதான். காலையில் விளக்கைப் போட்டதும் ஆண் மீன் பெண்ணைத் துரத்தும். அப்போதுதான் முட்டை விழும். இந்த ஐந்தும் மூலையில் ஒதுங்கி நின்றன. விழுந்த சில முட்டைகளும் மறுநாளே வெளுத்துச் செத்தன. நான்தான் தவறாக எண்ணிவிட்டேனோ என்று நான்கு முறை எண்ணினேன்.

3. மேலாளரிடம் சொன்னேன். வந்து குனிந்து பார்த்தார். "பெருசுங்க நல்லாத்தானே இருந்துச்சு. குஞ்சைப் பத்தி யாரும்மா கேட்டாங்க?" என்றார். மூன்றாம் நாள் ஒரு தாள் வந்தது. காற்றுப் பம்பு பழுதாகி நான்காம் தொட்டிக் குஞ்சுகள் இறந்ததால் முடிவில் சேர்க்கவில்லை என்று அதில் இருந்தது. அதைப் படித்தபோது அவை என் எதிரில் நீந்திக்கொண்டிருந்தன.

4. பம்பு பழுதாகவில்லை. அன்று மாலை அறுபத்திரண்டையும் பனிக்கட்டி நீரில் விட்டுக் கொன்றது நான்தான். தாளில் இருப்பதும் என் கையெழுத்துதான். என் கணவர் அதே கூடத்தில் ஓட்டுநர். மறுத்தால் இருவர் வேலையும் போகும் என்று யாரும் என்னை மிரட்டவில்லை. மிரட்ட வேண்டிய தேவை இருக்கவில்லை.

5. மேலாளர் குப்பையில் கொட்டச் சொன்ன மீன்களைக் கொட்ட மனம் வரவில்லை. கெடாமலிருக்கப் பார்மலின் மருந்து ஊற்றி ஒரு ஜாடியில் வைத்தேன். கணவரிடம் சொன்னபோது, "மீனுக்காக ரெண்டு பேரும் தெருவுல நிக்கணுமா?" என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை. அந்தத் திரவம் விற்பனைக்கு வந்தால் நம் வீட்டுச் சாக்கடை வழியாகவும் ஆற்றில்தான் போய்ச் சேரும் என்றேன். அன்றிலிருந்து வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது.

6. ஆகவே அனுமதியை நிறுத்திவைத்து, ஜாடியிலுள்ள மீன்களை வேறு கூடத்தில் அறுத்துப் பார்க்கவும், குஞ்சுகள் வளரும்வரை சோதனையை மீண்டும் நடத்தவும் உத்தரவிட வேண்டுகிறேன். பொய்க் கையெழுத்துக்கு என்மீது எடுக்கும் நடவடிக்கையை ஏற்கிறேன். என் கணவரை விசாரணைக்கு அழைக்க வேண்டாம். அவருக்கு இதில் பங்கில்லை.

"மனுவைக் குடுங்க, மீனெல்லாம் வாங்க முடியாது" என்று வரவேற்பில் ஜாடியைத் திருப்பிவிட்டார்கள். அலுவலகம் மூடும்வரை ஜாடியுடன் வெளியே அமர்ந்திருப்பேன். தாங்கள் ஒருமுறை வந்து பார்த்தால் போதும்.

இடம்: தங்கள் அலுவலக வாசல் பெஞ்சு
நாள்: அக்டோபர் 14

தங்கள் வரவுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
தொட்டி அறைப் பராமரிப்பாளர்