நீல டிரம்மில் போட்ட மாலை

நேற்று மருமகள் ஹடப்சரிலிருந்து வரும் வழியில் ஒரு பொட்டலம் சிப்பிக்காளான் வாங்கி வந்தாள். பிரித்ததும் ஈர வைக்கோல் வாசனை. உடனே உன் குரல்தான் கேட்டது: "டேய், வாசனை எப்படி இருக்கு, சொல்லு."

சிஞ்ச்வட் முலாம் பட்டறையில் இருபது வருஷம் அடுத்தடுத்து நின்றோம். நிக்கல் தொட்டி எனக்கு, குரோம் தொட்டி உனக்கு. அந்த ஆவி உன் மூக்கைத் தின்றுவிட்டது. அதனால் சாம்பார் கொதித்தாலும் சாக்கடை அடைத்தாலும் நான்தான் உனக்கு மோந்து சொல்ல வேண்டும்.

தொட்டி கழுவிய மஞ்சள் தண்ணீரைப் பின்புற நிலத்தில் திறந்துவிட்டதும் நாம்தான். முதலாளி சொன்னார், நாம் வால்வைத் திருகினோம். பட்டறை மூடிச் சில வருஷம் கழித்து ஒருநாள் அந்தப் பக்கம் போனோம். கேண்டீனில் நம் டிபன் டப்பாக்களைக் கழுவித் தந்த சாந்தாபாய், அதே நிலத்தில் வெந்தயக்கீரை போட்டிருந்தாள். நீ அப்படியே நின்றுவிட்டாய். இந்த மண்ணில் விஷம் இருக்கிறது, கீரை வேண்டாம் என்று நீ சொன்னதும், "மக் மீ காய் கரூ?" என்றாள். அப்புறம் நான் என்ன செய்வது என்று கேட்டவளிடம், மண்ணைச் சுத்தம் செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாய். எனக்கு எரிச்சல்தான் வந்தது. உன்னை யார் கேட்டார்கள்?

கல்லூரி ஆய்வகத்தில் விசாரித்து வந்தாய். மட்கிய உரம் உலோகத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். காளான் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். முளைத்ததையெல்லாம் பறித்து அப்புறப்படுத்த வேண்டும். வைக்கோல் பரப்பினோம், காளான் வித்துத் தூவினோம். உரக்குழி என் பொறுப்பு. அது பக்குவமாகிவிட்டதா என்று நான் மோந்து சொல்வேன், நீ தலையாட்டுவாய்.

அந்த மழைக்காலம் முழுக்க உன் சிறுநீரகம் உன்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்தது. நிலத்தை நான் ஒருவனாகப் பார்த்துக்கொண்டேன். மழை விட்டபின் ஆய்வகத்தில் மண்ணைக் கொடுத்துப் பார்த்தால், உலோகம் இம்மியும் குறையவில்லை.

"பறிச்ச காளானை எங்கடா போட்ட?"

"உரக்குழியிலதான். வேற எங்க போடுவாங்க?"

கறிவேப்பிலைக் காம்பைக்கூட வீணாக்காத வீட்டில் வளர்ந்தவன் நான். கை தானாக அங்கேதான் போயிருக்கிறது. காளான் உறிஞ்சியதை உரமாக்கி, அதே மண்ணில் மறுபடியும் கொட்டியிருக்கிறேன்.

நீ திட்டுவாய் என்று காத்திருந்தேன். வரப்பில் உட்கார்ந்து, "வால்வை மறுபடியும் தொறந்துட்டோம்டா நாம" என்றாய். நாம என்றாய். அன்று நீ என்னை அறைந்திருக்கலாம்.

மறுநாள் மூடி போட்ட நீல டிரம் ஒன்றை ஆட்டோவில் ஏற்றி வந்தாய். கொட்டிய உரத்தை வழித்து அதில் அடைத்தோம். ரசாயனக் கழிவு லாரி வந்து உள்ளே இருந்ததை எடுத்துப் போனது; இனிப் பறிப்பதைப் போட டிரம் அங்கேயே நின்றது. உனக்கு மிச்சமிருந்த ஒரே வருஷத்தை, நான் கெடுத்ததைச் சரிசெய்வதிலேயே செலவழித்தாய்.

மண் இன்னும் கீரைக்கு ஆகவில்லை. அளவு இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். சாந்தாபாய்க்கு வெளியிலிருந்து நல்ல மண் கொண்டுவந்து சாக்குகளில் கீரை போட்டுக் கொடுத்திருக்கிறேன். நிலத்தில் காளானோடு செண்டுமல்லியும் வைத்தோம். அதுவும் கொஞ்சம் உறிஞ்சும் என்றார்கள். பூத்தபோது நீ இல்லை. முதல் பூக்களை அவள் மாலையாகக் கட்டி, கட்கியில் உன் வீட்டுக்கு எடுத்து வந்து, உன் படத்துக்குப் போட்டாள். கும்பிட்டுவிட்டுப் போனாள்.

காய்ந்ததும் அந்த மாலையை நான்தான் கழற்றினேன். உன் வீட்டு மாடித் தோட்டத்தில் உரத்தொட்டி இருக்கிறது. கை அங்கேதான் போயிற்று. நிறுத்திவிட்டேன். பையில் சுற்றி, லோக்கல் ரயில் பிடித்துச் சிஞ்ச்வட் போய், நீல டிரம்மில் போட்டு மூடினேன். பிறகு நிலத்தில் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி மோந்து பார்த்தேன்.

மண் வாசனை வருகிறதடா.