திருப்பிக் கொடுக்காத கிளாஸ்

கறுப்புக் கடா பப்,
கிராக்ஸ்டன், யார்க்‌ஷயர்.
4 பிப்ரவரி 1974

அன்புள்ள சிரில்,

நலமா? நான் நலம் என்று எழுதினால் பொய். மூன்று தெரு தள்ளி இருக்கும் ஆளுக்குத் தபால்தலை ஒட்ட வைத்துவிட்டாயே! நீ என் பப்புக்குள் கால் வைத்து மூன்று வாரம் ஆகிறது.

புத்தாண்டன்று என்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லிக் கேட்டாய். "எம் புருஷன் பெர்சி செத்து மூணு மாசம்தான் ஆகுது, வருஷம் திரும்பட்டுமே"ன்னு சொன்னேன். அதற்காகவா இந்தக் கோபம்? கோபமென்றால் வந்து நேரில் திட்டிவிட்டுப் போயேன்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சனிக்கிழமை மொத்தம் ஒன்பது பேர்தான். பெர்சி இருந்தவரை சனிக்கிழமை நிற்க இடம் கிடைக்காது. நாற்காலிகளை இடம் மாற்றுகிறேன், பத்து நிமிஷத்தில் பழைய இடத்துக்கே தள்ளுகிறேன். ஜன்னலோரப் பெரணிச் செடியும் பட்டுப்போய்விட்டது. ஈஸ்டருக்குள் கூட்டம் சேராவிட்டால் வேறு ஆளை வைப்போம் என்று கடைக்குச் சொந்தக்காரரான பியர் கம்பெனிக்காரர் சொல்லிவிட்டார். பதினெட்டு வருஷமாக இதுதானே என் வீடு!

நீ நங்கூரம் பப்பில் இருந்ததாகத் தபால்காரர் ஆர்னால்ட் சொன்னார். போ, எனக்கென்ன.

அன்புடன்,
ஹில்டா

---

6 பிப்ரவரி 1974

அன்புள்ள ஹில்டாவுக்கு,

கோபமா, உன்மேலா? நல்ல கதை. முழங்கால் வலி, அவ்வளவுதான்.

நங்கூரத்துக்கு ஒரே ஒரு தடவை போனேன். அங்கே பீப்பாயிலிருந்து பியர் இறைக்கும் கைப்பம்பையே பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். காஸ் ஏற்றி, ஐஸாகக் குளிரவைத்து ஒன்றைக் கொடுத்தான். சோப்புத் தண்ணீர் தோற்றது. பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது வீட்டில்தான். பாட்டிலில் ஏல் பியர் வாங்கி, அடி வண்டல் கலங்காமல் ஒரே சாய்ப்பில் ஊற்றி, கணப்புப் பக்கம் உட்காருகிறேன். ஏல் அருமை. ஆனால் "அருமை"ன்னு யாரிடம் சொல்ல? கிளாஸ் தீருவதற்குள் நாலு தடவை எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுகிறேன். கவலைப்படாதே, எல்லாம் சரியாகிவிடும்.

உன்,
சிரில்

---

7 பிப்ரவரி 1974

சிரில்,

முழங்கால் வலிக்காரன் நேற்று மலைப்பாதையில் நடந்து போனதை ஊரே பார்த்திருக்கிறது!

உன் கூட்டாளி ஜார்ஜ் ஹேக் நேற்று வந்தார். "பிரமாதம், ஹில்டா!" என்று சொல்லிவிட்டு அரைக் கிளாஸை வைத்துவிட்டு ஓடிவிட்டார். உங்களுக்கெல்லாம் என்ன ஆச்சு? நீயாவது சொல்லேன். தூக்கம் பிடிக்கவில்லை எனக்கு.

ஹில்டா

---

9 பிப்ரவரி 1974

என் அன்புள்ள ஹில்டா,

எழுதிக் கிழித்த தாள்களிலேயே இன்று கணப்பு எரிகிறது. சொல்லிவிடுகிறேன். உன் ஏல் புளித்துவிட்டது. ஜனவரி முதல் வாரத்திலிருந்தே அப்படித்தான், சுத்தக் காடி.

திறந்த பீப்பாய் மூன்று நாள் தாங்கும், மிஞ்சினால் நாலு. நீ ஒன்பது நாள் ஓட்டுகிறாய். சரியில்லை என்றால் கிளாஸைத் திருப்பி வைத்தால் போதும், ஏன் என்று கேட்காமல் மாற்றித் தருவாய். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒருத்தனுக்கும் வாய் வரவில்லை.

"புருஷனைப் பறிகொடுத்து நிக்கிறா, அவகிட்ட போய் பியர் சரியில்லன்னு எப்படிய்யா சொல்றது?" என்றார் ஜார்ஜ்.

"சிரில் சொல்லட்டும். அவன்தான அவளைக் கட்டிக்க அலையறான்!" என்றான் எங்களோடு குடிக்கும் டென்னிஸ்.

எல்லோரும் என் தலையில் கட்டினார்கள். நான் கவுண்டருக்கு வந்தேன். நீ என் முகத்தையே பார்த்தாய். "பிரமாதம், ஹில்டா" என்றேன். மிச்சத்தைப் பெரணித் தொட்டியில் ஊற்றினோம். செடியைக் கொன்ற பாவிகள் நாங்கள்தான்.

தினம் அந்தப் புளிப்பை விழுங்கிவிட்டு உன்னைப் பார்த்துச் சிரிக்க என்னால் முடியவில்லை. அதனால்தான் வரவில்லை. மன்னித்துவிடு.

சிரில்

---

11 பிப்ரவரி 1974

சிரில்,

ஜனவரிக் காய்ச்சலோடு என் மூக்கு போய்விட்டது. வாசனையும் இல்லை, ருசியும் இல்லை. தினம் கதவு திறக்குமுன் அரைக் கிளாஸ் குடித்துப் பார்க்கிறேன். வெந்நீரும் அதுவும் ஒன்றுதான் எனக்கு. வெளியே சொன்னால் கம்பெனிக்காரர் அன்றைக்கே சாவியைக் கேட்பார். அதனால் உங்கள் முகங்களை நம்பித்தான் கடை நடத்தினேன். அத்தனை முகமும் பொய்யா? படுபாவிகளா!

பீப்பாய் முழுவதையும் சாக்கடையில் கவிழ்த்துவிட்டேன். அழுதுகொண்டேதான்.

மற்றவர்களை விடு. "பிரமாதம், ஹில்டா" என்ற அதே வாயால்தானே "நீ இல்லாம என்னால முடியாது"ன்னும் சொன்னாய்? அந்த வாயை நான் எப்படி நம்ப?

ஹில்டா

---

17 பிப்ரவரி 1974

அன்புள்ள ஹில்டா,

நேற்று அத்தனை பேர் முன்னால் உன் கவுண்டரில் கிளாஸைத் திருப்பி வைத்தேன். "கலங்கலா இருக்கு, ஹில்டா. ரெண்டு நாள் வண்டல் படியவிடாம திறந்துட்ட. மாத்திக் கொடு" என்றேன். உன் முகம் சிவந்தது. நிலவறைக்கு இறங்கி வேறு பீப்பாயிலிருந்து பிடித்து வந்தாய்.

"இது நல்லா இருக்கு" என்றேன். சத்தியமாக நன்றாக இருந்தது. உடனே ஜார்ஜ் எழுந்து, "எனக்கும் மாத்தும்மா" என்று வந்தார். பின்னாலேயே டென்னிஸ், அப்புறம் மொத்தக் கூட்டமும். நீ சிரித்துவிட்டாய்.

இனி உன்னிடம் எதையும் மறைக்க மாட்டேன். புத்தாண்டில் கேட்டதையே மறுபடி கேட்கிறேன். தினமும் கதவு திறக்குமுன் நான் ருசி பார்த்துச் சொல்கிறேன். மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது, ஹில்டா. எனக்கு வலிக்குமே என்று பூசி மெழுகாதே. உள்ளதைச் சொல்.

உன்னுடையவனாக விரும்பும்,
சிரில்

---

19 பிப்ரவரி 1974

அன்புள்ள சிரில்,

பூசி மெழுகாதே என்று நீயே கேட்டுவிட்டாய். வேண்டாம், சிரில்.

பெர்சிக்காக இல்லை. வேண்டாம் என்பது எனக்குப் புத்தாண்டன்றே தெரியும். உன் முகம் வாடிவிடுமே என்று "வருஷம் திரும்பட்டும்" என்றேன். உங்களையெல்லாம் பொய்யர்கள் என்று திட்டினேனே, நான் செய்ததும் அதே காரியம்தான். நீ வராத நாட்களில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இது காதலாக இருக்குமோ என்று என்னையே குடைந்து கேட்டேன். இல்லை. நீ என் நல்ல சிநேகிதன். அதற்கு மேல் ஒன்றுமில்லை, எவ்வளவு தேடியும் இல்லை.

கடை பிழைத்துக்கொள்ளும் போலிருக்கிறது. நேற்று இருபத்தாறு பேர் வந்தார்கள். அதற்கு நீதான் காரணம். சாகிறவரை மறக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை புதுப் பீப்பாய் திறக்கிறேன். ருசி பார்க்க ஜார்ஜை வரச் சொல்லியிருக்கிறேன். உன்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் நீ வந்துவிடுவாய்.

உன் நலத்தையே விரும்பும்,
ஹில்டா